யாரும் கணக்குப் போடாத இணைப்பு: கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜன்சி விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கான்சாஸ் சிட்டி நகரின் ஹயாட் ரீஜன்சி ஓட்டலில் மாலை நேர நடன விருந்து. நடுக்கூடத்தில் சுமார் 1,600 பேர் கூடியிருந்தார்கள். தலைக்கு மேலே, கூரையிலிருந்து எஃகுத் தண்டுகளில் தொங்கிய நடைபாலங்களில் நின்றும் சிலர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு 7:05 மணி அளவில் நான்காம் தளத்து நடைபாலம் பிடி விட்டு, நேர் கீழே இருந்த இரண்டாம் தளத்து நடைபாலத்தின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். ஓட்டல் திறந்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. நிலநடுக்கம் இல்லை, புயல் இல்லை, தீ இல்லை. பாலத்தின் மேல் அளவுக்கு மீறிய கூட்டமும் இல்லை.

பொறியியல் மாணவர்களுக்கு இந்தக் கதையைப் பெரும்பாலும் இரண்டே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: ஒரே நீளத் தண்டாக இருக்க வேண்டியதை இரண்டாக வெட்டினார்கள், அதனால் விழுந்தது. அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியில்தான் எனக்கு அக்கறை. அந்த இணைப்பின் வரைபடம் ஐந்தாறு நிறுவனங்களின் மேசைகளைக் கடந்து போயிருக்கிறது. எல்லா மேசையிலும் விவரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். போட்டிருக்க வேண்டிய கணக்கும் கடினமானதல்ல, இளநிலை மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் போட்டுவிடுவார். அப்படியும் அது போடப்படவில்லை.

இணைப்பு

நடுக்கூடம் கிட்டத்தட்ட 50 அடி உயரம். 40 மாடிக் கோபுரத்தையும் விருந்து அரங்குகள் இருந்த பகுதியையும் இணைக்க அதன் குறுக்கே மூன்று நடைபாலங்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 37 மீட்டர் நீளம், 29 டன் எடை. மூன்றாம் தளத்துப் பாலம் சற்றுத் தள்ளித் தனியாகத் தொங்கியது. நான்காம் தளத்துப் பாலமும் இரண்டாம் தளத்துப் பாலமும் ஒன்றின் கீழ் ஒன்று.

ஒவ்வொரு பாலத்தையும் குறுக்கே தாங்கியவை பெட்டி உத்தரங்கள். இரண்டு எஃகுச் சானல்களை (ஒரு பக்கம் திறந்த, 'ப' வடிவ எஃகுத் துண்டுகளை) வாய்க்கு வாய் வைத்துப் பற்றவைத்து உருவாக்கிய உள்கூடான உத்தரம் அது. அதன் மேலும் கீழும் துளையிட்டுத் தண்டை நுழைத்து, அடியில் வாஷரும் நட்டும் போட்டு முறுக்கிவிட்டார்கள். துளை விழுந்த இடம் பற்றவைப்புத் தையலின் மேலேயே, அதாவது உத்தரத்தின் பலவீனமான இடத்திலேயே. நட்டின் அழுத்தத்தைப் பரப்பத் தட்டும் இல்லை, உள்ளே வலுவூட்டும் தகடும் இல்லை.

முதல் வடிவமைப்பில் ஒரே தண்டு கூரையிலிருந்து இறங்கி, நான்காம் தள உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் தளம் வரை போகும். அப்படியென்றால் நான்காம் தளத்து நட்டு தாங்க வேண்டியது நான்காம் தளத்தின் எடையை மட்டும். இரண்டாம் தளத்தின் எடை நேராகத் தண்டு வழியாகக் கூரைக்குப் போய்விடும். எஃகு தயாரித்த நிறுவனத்துக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. நட்டை நான்காம் தளம் வரை ஏற்ற வேண்டுமானால் தண்டின் கீழ்ப்பகுதி முழுக்க மரை வெட்ட வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் அந்த நீண்ட மரை அடிபடாமல் காப்பாற்றுவது பாடு. அதனால் தண்டை இரண்டாக்கினார்கள். ஒரு தண்டு கூரையிலிருந்து நான்காம் தளம் வரை. அதிலிருந்து சில அங்குலம் தள்ளி வேறொரு துளை, அதில் நான்காம் தள உத்தரத்திலிருந்து இரண்டாம் தளத்துக்கு இன்னொரு தண்டு.

கூரைத் தண்டைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, இரண்டு ஏற்பாட்டிலும் அது தாங்குவது இரு பாலங்களின் எடைதான். மாறியது நான்காம் தளத்து உத்தரத்தின் கதி. இப்போது இரண்டாம் தளத்துப் பாலம் தொங்குவது கூரையிலிருந்து அல்ல, அந்த உத்தரத்திலிருந்து. அடியில் இருந்த நட்டின் சுமை இரட்டிப்பானது. தண்டைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தண்டின் கணக்கு சரியாகத்தான் வரும், தவறு இருந்தது தண்டு உத்தரத்தைத் தொடும் இடத்தில்.

விபத்துக்குப் பின் தேசியத் தர நிர்ணய அமைப்பு (அன்றைய பெயர் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்) விசாரித்து 1982-ல் அறிக்கை தந்தது. கட்டியிருந்த இணைப்பின் தாங்குதிறன், நகரக் கட்டட விதி கேட்டதில் சுமார் 30 விழுக்காடுதான். பாலங்களின் சொந்த எடையைத் தாங்குவதற்கே ஏறக்குறைய அதன் பலம் முழுக்கச் செலவாகிவிட்டது, மேலே மனிதர்கள் ஏறினால் தாங்குவதற்கென்று மிச்சம் எதுவும் இல்லை. அதே அறிக்கையில் இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. தண்டை வெட்டாமல் முதல் வடிவமைப்பின்படியே கட்டியிருந்தாலும், அந்த இணைப்பு விதி கேட்டதில் 60 விழுக்காட்டைத்தான் தாங்கியிருக்கும். அன்றிரவு விழாமல் இருந்திருக்கக்கூடும், அவ்வளவுதான். ஆகவே மாற்றம் மட்டுமே குற்றவாளி என்று சொல்ல முடியாது. மாற்றத்துக்கு முன்பே அந்த இணைப்பை யாரும் வடிவமைக்கவில்லை.

வரைபடம் போன வழி

கட்டடத்தின் உரிமையாளர் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம். அது ஒரு கட்டடக் கலைஞர் குழுவை அமர்த்தியது. அந்தக் குழு கட்டமைப்பு வடிவமைப்பை ஜாக் கில்லமின் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த நிறுவனம் பின்னர் ஜி.சி.இ. இன்டர்நேஷனல் என்று பெயர் மாறியது. பொறுப்புப் பொறியாளராக வரைபடங்களில் முத்திரை இட்டவர் கில்லம். திட்டப் பொறியாளராக அன்றாட வேலையைப் பார்த்தவர் டேனியல் டங்கன். இருவரும் மிசௌரியில் உரிமம் பெற்றவர்கள். முதன்மை ஒப்பந்ததாரர் எஃகு வேலையை ஹேவன்ஸ் ஸ்டீல் என்ற நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்தார்.

எஃகுக் கட்டுமானத்தில் ஒரு பழக்கம் உண்டு. பொறியாளர் உத்தரங்களின் அளவையும் சுமையையும் தருவார். எஃகு நிறுவனம் ஒவ்வொரு துண்டையும் எப்படி வெட்டுவது, துளைப்பது, இணைப்பது என்று ஷாப் டிராயிங் போட்டு அனுப்பும். பொறியாளர் பார்த்து ஒப்புதல் தந்து திருப்பி அனுப்புவார். சாதாரண இணைப்புகளை எஃகு நிறுவனமே கையேட்டைப் பார்த்து முடிவு செய்வது வழக்கம்.

இங்கே என்ன நடந்தது? பொறியாளரின் வரைபடத்தில் இந்த இணைப்பு முடிந்துபோன விவரம் போலத் தோற்றமளித்தது. "இதை நீங்கள் வடிவமைக்க வேண்டும்" என்ற குறிப்பு எதுவும் இல்லை. ஹேவன்ஸ் வரைபடங்களைப் போடத் தொடங்கி, வேலை நெருக்கடியில் அதை வெளியே ஒரு வரைவு நிறுவனத்திடம் கொடுத்தது. இணைப்பை ஹேவன்ஸ் வடிவமைத்து முடித்துவிட்டது என்று வரைவு நிறுவனம் நினைத்துக்கொண்டது. ஹேவன்ஸ் நினைத்தது, பொறியாளர் வடிவமைத்துவிட்டார் என்று. பொறியாளர் நினைத்தது, எஃகு நிறுவனம் வடிவமைக்கும் என்று. தண்டை இரண்டாக்குவது பற்றித் தொலைபேசியில் கேட்டதாகவும், எழுத்தில் கோரிக்கை அனுப்பச் சொல்லி வாய்மொழியாகச் சம்மதம் கிடைத்ததாகவும் ஹேவன்ஸ் தரப்பு சொன்னது. அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றார்கள் பொறியாளர்கள். எழுத்தில் எதுவும் வரவில்லை என்பது மட்டும் உறுதி.

1979 பிப்ரவரியில் ஷாப் டிராயிங்குகள் பொறியாளர் அலுவலகத்துக்கு வந்து, ஒப்புதலுடன் திரும்பின. வெட்டிய தண்டு அவற்றில் அப்பட்டமாகத் தெரிந்தது. யாரும் மறைக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அறம் பற்றிய விவாதங்களில் நாம் பெரும்பாலும் லஞ்சத்தையோ பொய்யையோ தேடுகிறோம். இந்த நிகழ்வின் இந்தக் கட்டத்தில் அப்படிப்பட்ட வில்லன் கிடைக்க மாட்டார்.

நழுவிய வாய்ப்பு

1979 அக்டோபர் 14. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே நடுக்கூடக் கூரையின் ஒரு பகுதி, ஏறத்தாழ 250 சதுர மீட்டர், இடிந்து விழுந்தது. காரணம் ஓர் இணைப்பு. உள்ளே யாரும் இல்லாத நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

என் பார்வையில் இந்த நிகழ்வின் அச்சாணி இதுதான், தண்டு அல்ல. ஒரே கூடம், ஒரே எஃகு நிறுவனம், ஒரே சரிபார்ப்பு முறை. அதில் ஓர் இணைப்பு தோற்றுவிட்டது. உரிமையாளர் பதறி, வெளியிலிருந்து ஒரு பொறியியல் நிறுவனத்தை அழைத்துக் கூரை விபத்தை ஆராயச் சொன்னார். கில்லமும் உரிமையாளருக்கு எழுதினார்: விபத்தை ஆராய்வதோடு, நடுக்கூடக் கூரையின் எல்லா உறுப்புகளையும் முழுமையாக மறுசோதனை செய்கிறோம் என்று. அதன் பிறகு நடந்த கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் நடுக்கூடம் முழுவதும் பாதுகாப்பானது என்ற உறுதிமொழி உரிமையாளருக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் போனது. நடைபாலங்களும் அந்தக் கூரையிலிருந்துதான் தொங்கின. அவற்றின் தண்டு இணைப்பை அப்போதும் யாரும் கணக்கிடவில்லை.

முதல் தவறு கவனக்குறைவு என்று சொல்லலாம். இரண்டாவது வேறு வகை. "பார்த்துவிட்டோம்" என்ற சொல்லை நம்பித்தான் உரிமையாளர் கதவைத் திறக்கிறார். எஃகையும் பற்றவைப்பையும் எடைபோட அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதற்காகத்தானே உரிமம் பெற்ற ஒருவரை வைத்திருக்கிறார்.

பொறியாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டுமான இடத்தில் தங்கள் ஆள் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். கூடுதல் செலவு என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். இதை உரிமையாளரின் பங்குக் குற்றமாகப் பதிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் கொஞ்சம் யோசித்தால், ஆள் இருந்திருந்தால் என்ன பார்த்திருப்பார்? ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உள்ளபடியே பாலம் தொங்குகிறது என்றுதான் எழுதியிருப்பார். வெட்டிய தண்டைப் பார்த்து முகம் சுளிக்கும் அனுபவசாலியாக அமைந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். அது அதிர்ஷ்டத்தின் கணக்கு.

உரிம வழக்கு

இடிந்த சில நாட்களிலேயே வடிவமைப்புக்கும் கட்டியதற்கும் இருந்த வித்தியாசத்தை வெளியே கொண்டுவந்தது ஒரு நாளிதழ். கான்சாஸ் சிட்டி ஸ்டார் தானே ஒரு பொறியாளரை அமர்த்தி வரைபடங்களை ஆராய வைத்தது. அந்தச் செய்திகளுக்காக ஸ்டார், டைம்ஸ் ஆகிய இரு சகோதர இதழ்களுக்கும் 1982-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இழப்பீட்டு வழக்குகள் பெரும்பாலும் சமரசத்தில் முடிந்தன. குற்றவியல் வழக்கு தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர்கள் கைவிட்டார்கள். நமக்கு முக்கியமானது மூன்றாவது பாதை.

1984 பிப்ரவரியில், உரிமம் வழங்கும் மிசௌரி மாநில வாரியம் கில்லம், டங்கன், அவர்கள் நிறுவனம் ஆகியோர் மீது நிர்வாக விசாரணை ஆணையத்தில் புகார் கொடுத்தது. நீதிபதி ஜேம்ஸ் டாய்ச் 1985 நவம்பரில் நானூறு பக்கத்துக்கு மேல் நீண்ட முடிவை எழுதினார். கடும் அலட்சியம், முறைகேடு, தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை ஆகியவை நிரூபணமாயின என்றார். 1986 ஜனவரியில் இருவரின் உரிமமும் ரத்தானது. மேல்முறையீட்டில் 1988-ல் மாநில நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பொறியாளர்களின் முக்கிய வாதம் தொழில் வழக்கம். எஃகு இணைப்பை எஃகு நிறுவனம் வடிவமைப்பதுதான் இந்தத் துறையின் நடைமுறை, அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் ஒப்புதல் தந்தோம் என்றார்கள். இது சப்பைக்கட்டு அல்ல. அன்று பல பொறியாளர்கள் அப்படித்தான் வேலை செய்தார்கள், தீர்ப்பு வந்தபோது துறையில் பலர் அதிர்ந்தும் போனார்கள். அந்த வாதத்தை ஏற்காததற்கு ஆணையமும் நீதிமன்றமும் சொன்ன காரணம்தான் இந்த ஆய்வின் மையம். மிசௌரிச் சட்டப்படி வரைபடத்தில் முத்திரை இடுபவர் அந்த வேலைக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்கிறார். துறையில் என்ன பழக்கம் இருந்தாலும் அது சட்டத்தை மாற்றாது. வேலையை யாரிடம் வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம், பதில் சொல்லும் கடமை கூடவே போகாது. கில்லம் அந்த விவரத்தைத் தன் கண்ணால் பார்க்கவில்லை என்பதும் அவரைக் காப்பாற்றவில்லை. பார்க்காமல் முத்திரை விழுந்ததுதான் புகாரே.

கடும் அலட்சியம் என்பதற்கு நீதிமன்றம் ஏற்ற அளவுகோலும் கவனிக்கத்தக்கது. தொழில் கடமை என்று தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாத மனநிலையைக் காட்டும் நடத்தை என்பது அதன் சாரம். ஒரு கணக்கில் கூட்டல் பிழை விட்டவர் இதில் அடங்க மாட்டார். கணக்கே போடாமல் ஒப்புதல் கொடுத்தவர் அடங்குவார்.

அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கமும் தனியாக விசாரித்தது. அது இவ்வளவு தூரம் போகவில்லை. கில்லமின் கீழ் நடந்த வேலைக்கு அவர் பொறுப்பு, ஆனால் கடும் அலட்சியமோ முறைகேடோ அவர்மேல் இல்லை என்று சொல்லி, அவருடைய உறுப்பினர் தகுதியை மூன்றாண்டுகள் நிறுத்தி வைத்தது. ஒரே செயலுக்கு அரசு வாரியம் ஓர் அளவுகோல், சக பொறியாளர்கள் இன்னொன்று. சங்கத்தின் இரக்கம் எனக்குப் புரிகிறது, அங்கே தீர்ப்புச் சொன்னவர்களும் அதே பழக்கத்தில் வேலை செய்து வந்தவர்கள்தான். ஆனால் அதே காரணத்தால்தான் இறுதிச் சொல் அவர்களிடம் இருக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது.

எது தொழிலாக்குகிறது

பொறியியலுக்கு மாநில உரிமம் என்பது அமெரிக்காவில் 1907-ல் வயோமிங் மாநிலத்தில் தொடங்கியது. உரிமம் ஒரு பண்டமாற்று. இந்த வேலையை இவர்கள் மட்டுமே செய்யலாம் என்று சமூகம் ஓர் ஏகபோகத்தைக் கொடுக்கிறது. பதிலுக்கு, சம்பளம் கொடுப்பவரைத் தாண்டி, கட்டடத்துக்குள் நுழையப்போகும் முகம் தெரியாத ஆட்களுக்கும் பொறுப்பேற்கச் சொல்கிறது. இரண்டாவது பாதியைத் தொழிலே தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. சிவில் பொறியாளர் சங்கத்தின் 1914-ஆம் ஆண்டு நெறிமுறை முக்கியமாக வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டிய விசுவாசத்தையும் சக பொறியாளர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் பேசியது. பொதுமக்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் மேல் என்ற வரி 1970களில்தான் உள்ளே வந்தது, ஹயாட் வரைபடங்கள் போடப்பட்டதற்குச் சில ஆண்டுகள் முன்பு.

படிப்பு, பட்டம், கடினமான கணிதம், இவை பொறியியலை ஒரு திறமையாக்குகின்றன. ஹேவன்ஸில் எஃகைப் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தார்கள், வரைவு நிறுவனத்திலும் இருந்தார்கள். அவர்களில் யார் "இது என் வேலை என்று நினைக்கவில்லை" என்று சொன்னாலும் அது ஒரு பதில்தான், நல்ல பதில் இல்லாவிட்டாலும். முத்திரை வைத்திருப்பவருக்கு மட்டும் அந்தப் பதில் கிடையாது. அந்த ஒரு வேறுபாட்டைத்தான் நான் தொழில் என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லோருடைய அனுமானமும் வந்து நிற்க வேண்டிய இடம் அவர். அவரும் அனுமானித்துவிட்டால் சங்கிலிக்கு முனையே இல்லை.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அமெரிக்காவிலேயே பொறியாளர்களில் பெரும்பாலோர் உரிமம் வாங்குவதில்லை. தயாரிப்பு நிறுவனங்களுக்குள் வேலை செய்பவர்களுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன. கார், விமானம், மருத்துவக் கருவி என்று உயிரோடு விளையாடும் பொருள்களைச் செய்பவர்கள் யாரும் தனிப்பட்ட முத்திரை இடுவதில்லை, பொறுப்பு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அப்படியானால் அவர்கள் செய்வது தொழில் இல்லையா? என் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால், சட்டப்படி அது அரைகுறைத் தொழில்தான் என்று சொல்ல வேண்டி வரும். அவர்களில் பலர் முத்திரை இட்டவர்களைவிடப் பொறுப்பாக நடந்துகொள்கிறார்கள். ஆனால் அது தனி மனிதரின் குணம். தவறினால் அவரைக் கேட்க ஒரு வாரியமும் இல்லை, மேலதிகாரி அழுத்தம் கொடுக்கும்போது "என் உரிமம் போய்விடும்" என்று சொல்லிப் பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு சுவரும் இல்லை. உரிமம் என்பது தண்டனைக் கருவி மட்டுமல்ல என்பதை இந்த இரண்டாவது பயனில்தான் பார்க்கிறேன்.

பிறகு

ஓட்டலில் மிஞ்சிய மூன்றாம் தளத்துப் பாலத்தை உரிமையாளர் அகற்றிவிட்டார். திரும்பத் திறந்தபோது இரண்டாம் தள உயரத்தில் ஒரே ஒரு பாலம் இருந்தது, தொங்கவில்லை, தரையிலிருந்து எழும் தூண்களின் மேல் நின்றது. கில்லம் பிற்காலத்தில் பொறியாளர் கூட்டங்களுக்குப் போய் இந்த விபத்தைப் பற்றிப் பேசினார், மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று.

சிவில் பொறியாளர் சங்கம், வடிவமைப்பின் முழுப் பொறுப்பும் கட்டமைப்புப் பொறியாளருடையது என்ற நிலைப்பாட்டுக்கு வந்தது. இணைப்பை எஃகு நிறுவனம் வடிவமைப்பது நிற்கவில்லை, நிற்க வேண்டியதும் இல்லை. அதை யார் செய்கிறார், எந்தச் சுமைக்கு, கணக்கு யாருக்கு வந்து சேர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலும் வரைபடத்திலும் எழுதும் பழக்கம் வலுத்தது. இது நல்ல விளைவு.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களும் வழக்கறிஞர்களும் சொல்லும் யோசனைப்படி, ஷாப் டிராயிங் மேல் குத்தும் ரப்பர் ஸ்டாம்பில் "ஒப்புதல்" என்ற சொல்லைப் பல அலுவலகங்கள் தவிர்க்கின்றன. "பார்வையிடப்பட்டது", "ஆட்சேபம் இல்லை" என்ற மாதிரி வாசகங்கள், கீழே பொடி எழுத்தில் பொறுப்புத் துறப்பு. வழக்கில் இது எவ்வளவு உதவும் என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் முடிவு செய்யட்டும். ஹயாட் வரைபடத்தின் மேல் எந்த வாசகம் குத்தியிருந்தாலும், அந்த நட்டுக்கு மேலே இருந்த எடை அதேதான்.